மாணிக்கக் குழியில் வந்த எலும்புகள்

இலங்கையில் ஒரு காலத்தில் நீர்யானை வாழ்ந்தது. காண்டாமிருகம் வாழ்ந்தது. சிங்கமும் வாழ்ந்தது. இப்படிச் சொன்னால் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையைத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணத் தோன்றும். இவை கூட்டில் அடைபட்டிருந்தவை அல்ல. இன்று நெல் விளையும் இரத்தினபுரியின் தாழ்நிலங்களில், களுகங்கைக்கு நீர் சேர்க்கும் ஆறுகளின் கரைகளில் தம் பாட்டில் மேய்ந்து திரிந்தவை. அவற்றின் பற்களும் எலும்புத் துண்டுகளும் இரத்தினபுரி தேசிய நூதனசாலையிலும் கொழும்பு நூதனசாலையிலும் பாதுகாக்கப்பட்டுள்ளன.

இரத்தினபுரி நூதனசாலை எஹெலேபொல வளவு என்னும் பழைய மாளிகையில் அமைந்திருக்கிறது. ஊருக்குப் பெயர் தந்த இரத்தினக் கற்களைப் பார்க்க வருபவர்களே அங்கு அதிகம். எலும்புகள் இருக்கும் பகுதியில் பலர் அதிக நேரம் நிற்பதில்லை. கறுத்துப்போன ஒரு கடைவாய்ப்பல், முறிந்த தாடைத் துண்டு, கால் எலும்பின் ஒரு முனை: பார்வைக்கு அவ்வளவுதான். முழு எலும்புக்கூடு எதுவும் இல்லை. ஆயினும் இந்தத் தீவின் பழைய காலநிலை, காடு, விலங்குகள் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் ஒரு பெரும் பங்கு இந்தத் துண்டுகளிலிருந்தே பெறப்பட்டது.

இவற்றை முதலில் கையில் எடுத்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர். கூலிக்கும் பங்குக்கும் குழி வெட்டிய ஏழைத் தொழிலாளர்கள். ஆகவே இது மண்ணை வெட்டிப் பிழைப்பவர்களுடைய கதையும் ஆகும்.

குழிக்குள்ளே

மாணிக்கம் எப்படி வயலுக்கு அடியில் வந்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மலைப் பாறைகள் மழையில் கரைந்து உடைய, அவற்றில் இருந்த கற்களை ஆறுகள் அடித்துக்கொண்டு வந்தன. நீரின் வேகம் குறையும் இடத்தில் பாரமான கல் முதலில் தங்கிவிடும். வெள்ளத்திற்குப் பின் வாய்க்கால் வளைவில் பரல் தங்கி நிற்பதைப் பார்த்த கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலப்போக்கில் ஆறு திசை மாறியது. பரல் படையின் மேல் மணலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்தன. இந்தப் பரல் படையைச் சிங்களத்தில் ‘இல்லம’ என்பார்கள். சில இடங்களில் அது சில அடி ஆழத்திலேயே இருக்கும். வேறு சில இடங்களில் நூறு அடிக்குக் கிட்டவும் இறங்க வேண்டிவரும்.

குழியின் நான்கு பக்கமும் மரச் சட்டங்களால் முட்டுக் கொடுத்து, மண் சரியாதபடி இடையில் பன்னத் தழைகளை அடைத்து இறங்குவார்கள். ஊற்று நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே வந்த பரலைப் பிரம்புக் கூடையில் இட்டு நீரில் சுழற்றிக் கழுவும்போது மண் போய்விடும், பாரமான கற்கள் அடியில் நிற்கும். காணிக்காரர், அனுமதிப்பத்திரம் எடுத்தவர், நீர் இறைக்கும் இயந்திரத்தின் சொந்தக்காரர், குழியில் இறங்குபவர்கள் என எல்லோருக்கும் பங்கு உண்டு. கல் கிடைக்காவிட்டால் பங்கும் இல்லை. நீல நிறத்தையும் மஞ்சள் நிறத்தையும் தேடுகிற கண்ணில் கறுப்பான ஒரு பல் படுவதும், அதை எறிந்துவிடாமல் ஒருவர் எடுத்து வைப்பதும் சாதாரண காரியம் அல்ல. இரத்தினபுரிச் சேகரிப்பில் உள்ள பெரும்பாலானவை இப்படி எடுத்து வைக்கப்பட்டவையே.

பாரமான கல் தங்கிய இடத்தில் பல்லும் எலும்பும் தங்கின. மேலே படிந்த ஈரக் களி காற்றுப் புகாதபடி மூடிவிட்டதால் அவை உக்கிப்போகவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த கனியங்கள் மெல்ல மெல்ல எலும்புக்குள் ஊறிப் பாரமாக்கின. இவ்வாறு மண்ணில் தங்கிவிட்ட உடற்பகுதிகளையும் அடையாளங்களையுமே உயிர்ச்சுவடுகள் என்கிறோம். முள்ளந்தண்டுளிகளின், அதாவது முதுகெலும்புள்ள பிராணிகளின் சுவடுகளில் பற்களே அதிகம். உடலில் பல்லின் மேற்பூச்சான எனாமலைவிடக் கடினமான பொருள் வேறு இல்லை. ஆற்றில் உருண்டு வந்த எலும்பு நொறுங்கிப்போகும். பல் பிழைத்துக்கொள்ளும்.

ஓர் அபாயமும் உண்டு. பல்லாயிரம் ஆண்டு ஈரத்தில் கிடந்த எலும்பை எடுத்து வெயிலில் வைத்தால் அது விரைவிலேயே வெடித்துப் பிளந்துவிடும். குழியில் பாதுகாப்பாக இருந்தது குழி வாயிலில் அழிந்துபோகும்.

பல்லுக்குப் பெயர் வைத்தவர்

இந்தத் துண்டுகளைத் தேடிச் சேர்த்தவர் பி. இ. பி. தெரணியகல. 1900இல் பிறந்த இவர் 1939 முதல் 1963 வரை கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்தார். மீன், பாம்பு, ஆமை, யானை என எல்லாவற்றையும் ஆராய்ந்தவர். இரத்தினபுரிச் சுவடுகளை நூதனசாலையின் சஞ்சிகையிலும் வேறு இதழ்களிலும் ஒவ்வொன்றாக விபரித்து வெளியிட்டார். 1958இல் ‘இலங்கையின் பிளைத்தோசீன் காலம்’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு நூலையும் எழுதினார். பிளைத்தோசீன் என்பது ஏறக்குறைய 26 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். உலகின் பல பாகங்களில் பனிக்கட்டி பரவியும் பின்வாங்கியும் இருந்த காலம் அது.

அவர் பட்டியலில் வரும் நீர்யானை இன்று ஆபிரிக்காவில் உள்ள நீர்யானையிலிருந்து வேறுபட்டது. இதன் இனப்பெயருக்கே ‘ஆறு முன்பல்’ என்ற பொருள் வரும். இன்றைய நீர்யானையின் கீழ்த்தாடையில் நான்கு முன்பற்களே உண்டு. இதே வகை நீர்யானையின் சுவடுகள் இந்தியாவில் சிவாலிக் மலையடிவாரத்திலும் நர்மதை ஆற்றுப் படைகளிலும் கிடைத்திருக்கின்றன. காண்டாமிருகத்தில் இரண்டு வகைகளை அவர் பெயரிட்டார். ஒன்றுக்கு, காண்டாமிருகத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லையே விஞ்ஞானப் பெயராக்கினார். யானைகளில் இன்றைய யானையின் உறவினர் தவிர, நேரான தந்தமுடைய மறைந்துபோன ஒரு பெரும் யானையும் இருந்தது. யானையின் கடைவாய்ப்பல் பல தகடுகளை அடுக்கி ஒட்டியது போன்றது. தகடுகளின் எண்ணிக்கையையும் தடிப்பையும் கொண்டு எந்த யானை என்று பிரித்தறிவார்கள்.

கவுர் எனப்படும் பெரிய காட்டுமாடும் இருந்தது. இது மற்றவற்றைப் போல மிகப் பழைய கதை அல்ல. கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான ரொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், அரசனின் விலங்குகளிடையே தாம் கண்ட ஒரு மாட்டை விபரிக்கிறார். முதுகில் கூரான மேடு, நான்கு கால்களிலும் பாதிவரை வெள்ளை. கவுரைப் பார்த்தவர்கள் இந்த அடையாளத்தை உடனே ஏற்றுக்கொள்வார்கள். இன்று இலங்கைக் காடுகளில் அந்த மாடு இல்லை.

இத்தனை மிருகங்களும் கடல் சூழ்ந்த தீவுக்கு எப்படி வந்தன? நடந்துதான் வந்தன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் ஒரு பகுதி பனிக்கட்டியாக உறைந்திருந்தபோது கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையில் தொழில் செய்பவர்களுக்கு அங்கு எத்தனை பாகம் தண்ணீர் என்று தெரியும். பெரும்பாலான இடங்களில் பத்துப் பாகம் கூட இல்லை. கடல் வற்றியிருந்த காலங்களில் அது தரை. மேய்ச்சல் தேடி வந்த மந்தைகள் பேசாலையையோ தலைமன்னாரையோ கடலாக அறிந்திருக்கவில்லை. இப்படி ஒரு முறை அல்ல, பல முறை தரை தோன்றி மறைந்தது.

சிங்கமும் புலியும்

1939இல் தெரணியகல, குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு இலங்கைச் சிங்கத்தை அறிவித்தார். இன்றைய சிங்கங்களின் பற்களோடு ஒப்பிட்டு, இந்தப் பல் அவற்றைவிட ஒடுங்கியும் நீண்டும் இருப்பதாகக் காட்டினார். ஆனால் இது சிங்கத்தின் பல்தான், வேறு பெரிய பூனையினத்தின் பல் அல்ல என்று எப்படித் தீர்மானித்தார் என்பதை அவர் விளக்கமாக எழுதவில்லை. பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார்கள். பல் இன்னும் இருப்பதால்தான் கேள்வியும் கேட்க முடிகிறது.

புலியின் கதை வேறு. இங்கே புலி என்பது வரிப்புலி. எமது பேச்சில் புலி என்றால் பெரும்பாலும் சிறுத்தையைச் சொல்வோம், இலங்கைக் காட்டில் இன்று இருப்பதும் அதுதான். வரிப்புலி இந்தத் தீவை எட்டவில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1962இல் இரத்தினபுரிக்கு அருகில் ஒரு கீழ்த்தாடைப் பல் கிடைத்தது. பின்னர் குருவிட்டவுக்கு அண்மையிலுள்ள பட்டதொம்ப குகையில், சுமார் 16,500 ஆண்டுப் பழமையான ஒரு விரல் எலும்பு கிடைத்தது. இவை இரண்டும் வரிப்புலியினுடையவை என்று இலங்கை ஆராய்ச்சியாளர்கள் 2005இல் விரிவாக எழுதி வெளியிட்டார்கள். பல் கிடைத்து 43 ஆண்டுகளுக்குப் பின்பு! இடையில் யாராவது அதைத் துப்புரவு செய்கிறோம் என்று குப்பையோடு எறிந்திருந்தால் இந்தச் செய்தியின் பாதி நமக்கு இல்லை.

சிங்கம், புலி என்ற இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது இந்நாட்டு வாசகருக்கு என்ன நினைவு வரும் என்பது தெரிந்ததே. நாம் பேசுவது பற்களைப் பற்றி. அவை இரண்டும் ஒரே ஊர் மண்ணிலிருந்து வந்தன, இரண்டு மிருகங்களும் இப்போது இந்தத் தீவில் இல்லை.

பல் சொல்லும் சாப்பாடு

நூதனசாலைச் சேகரிப்பு என்றால் செத்துப்போன பொருட்களின் களஞ்சியம் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அது சரியல்ல. 1939இல் ஒரு பல்லிடம் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு மூன்றுதான்: எந்த விலங்கு, எவ்வளவு பெரியது, இன்றைய விலங்கிலிருந்து எப்படி வேறுபடுகிறது. காபனைக் கொண்டு வயது கணிக்கும் முறைகூட 1940களின் இறுதியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதே பல்லிடம் இன்று அது என்ன சாப்பிட்டது என்று கேட்கலாம்.

இது எப்படி என்று கமக்காரருக்கு விளக்குவது சுலபம். எல்லாப் பயிரும் காற்றிலிருந்தே காபனை எடுக்கின்றன. ஆனால் எடுக்கும் வழி ஒன்றல்ல. குரக்கன், சோளம், இறுங்கு, கரும்பு, இலுக்குப் புல் ஆகியவை ஒரு வழியில் எடுக்கின்றன. நெல், பயறு, உழுந்து, காட்டு மரங்கள் எல்லாம் இன்னொரு வழியில் எடுக்கின்றன. காற்றில் சாதாரண காபனோடு சற்றுப் பாரமான காபனும் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கிறது. முதல் வகைப் பயிர்களில் இந்தப் பாரமான காபன் கூடுதலாகச் சேரும். இரண்டாம் வகையில் குறைவாகச் சேரும். அடர்ந்த காட்டின் நிழலில் வளரும் இலையில் இன்னும் குறைவு. விலங்கு எதைத் தின்கிறதோ அதன் அளவு அப்படியே பல்லின் எனாமலில் பதிந்துவிடும். எலும்பு வாழ்நாள் முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும். எனாமல் சிறு வயதில் உருவான பின் மாறாது. ஒரு பல்லைச் சிறிது சுரண்டி எடுத்த தூள் போதும். அந்த மிருகம் வெளியில் புல் மேய்ந்ததா, காட்டு இலை கடித்ததா என்று ஆய்வுகூடம் சொல்லிவிடும்.

இந்த முறையால் இலங்கையில் கிடைத்த பயன் ஒன்றைக் குறிப்பிடலாம். பட்டதொம்ப, பாஹியன் முதலிய குகைகளிலும் வேறு இடங்களிலும் கிடைத்த பழங்கால மனிதர் 26 பேரின் பற்களை, அதே இடங்களில் கிடைத்த விலங்குகளின் பற்களோடு சேர்த்து ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். அவற்றில் மிகப் பழையவை 20,000 ஆண்டுக்கு முந்தியவை. மழைக்காட்டில் மனிதர் பயிர்ச்செய்கை இல்லாமல் நெடுங்காலம் பிழைக்க முடியாது என்று அறிஞர் சிலர் வாதாடி வந்தார்கள். பற்கள் அதை ஏற்கவில்லை. அந்த மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காட்டிலும் காட்டின் ஓரத்திலும் கிடைத்த உணவிலேயே வாழ்ந்திருந்தனர். பிறகு 2019இல் வந்த இன்னொரு ஆய்வு, பாஹியன் குகை மக்கள் ஏறத்தாழ 45,000 ஆண்டுக்கு முன்பே மரத்திலிருக்கும் குரங்குகளையும் மலை அணில்களையும் வேட்டையாடுவதில் தேர்ந்திருந்தனர் என்று எலும்புகளைக் கொண்டு காட்டியது. வளர்ந்த குரங்குகளே அதிகம் பிடிக்கப்பட்டிருந்தன.

நீர்யானையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பகலில் நீரில் கிடந்து இரவில் கரையேறிப் புல் மேயும் பிராணி அது. இரத்தினபுரியில் நீர்யானை மந்தைகள் வாழ்ந்தன என்றால் அங்கு வற்றாத நீர்நிலையும் அதன் அருகே பரந்த புல்வெளியும் இருந்திருக்க வேண்டும். இன்று ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் மழைக்காட்டுப் பிரதேசம் அது. யாழ்ப்பாணத்து மழை அதில் பாதிகூட வராது. அப்படியானால் எக்காலத்தில் அங்கு மழை குறைந்தது? காடு பின்வாங்கிப் புல் பரவியது எப்போது? மீண்டும் காடு வந்தபோது நீர்யானை எங்கே போனது? பருவமழை பிழைப்பதையும் பொழிந்து கெடுப்பதையும் பார்த்து வரும் கமக்காரருக்கு இந்தக் கேள்விகள் அந்நியமானவை அல்ல. மழை மாறினால் யார் தங்குவார், யார் போவார் என்ற கணக்கு அந்தக் களிக்குள் இருக்கிறது.

எந்தக் குழி, எத்தனை அடி?

கணக்கை வாசிக்க ஒரு தடை உண்டு. ஆறு ஒரு முறை போட்ட பரலை இன்னொரு முறை கிளறிப் போடும். ஆகவே பழைய எலும்பும் புதிய எலும்பும் ஒரே படையில் கலந்து கிடக்கலாம். நீர்யானையும் சிங்கமும் ஒரே குழியில் வந்தால் அவை ஒரே காலத்தில் வாழ்ந்தன என்று சொல்லிவிட முடியாது. 2018இல் மன்னார் சதொச வளாகத்தில் எடுக்கப்பட்ட மனித எலும்புகளை அமெரிக்க ஆய்வுகூடத்திற்கு அனுப்பிய செய்தியால் காபன் காலக்கணிப்பு என்ற சொல் எமது மக்களுக்குப் பழகிவிட்டது. அந்த முறை சுமார் 50,000 ஆண்டுக்கு அப்பால் செல்லாது. அதற்குள்ளும் எலும்பின் புரதம் மிஞ்சியிருக்க வேண்டும். ஈரமான வெப்ப மண்ணில் அது பெரும்பாலும் கரைந்துபோகிறது. ஆகையால் இரத்தினபுரிச் சுவடுகளுக்குத் திட்டமான வயது சொல்வது கடினமாகவே இருந்து வருகிறது.

கலப்பைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறது. மண்ணில் கிடக்கும் எலும்பு நிலத்தடி நீரிலுள்ள புளோரினை மெல்ல உறிஞ்சும். ஒரே இடத்தில் ஒரே காலம் கிடந்தவற்றில் அதன் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்னுமிடத்தில் கிடைத்த மண்டையோட்டை ஆதிமனிதனுடையது என்று 1912 முதல் உலகமே நம்பியது. நூதனசாலையில் வைத்திருந்த அந்த எலும்புகளை 40 ஆண்டுக்குப் பின் இப்படிச் சோதித்தபோது மோசடி வெளிப்பட்டது. 1953இல் உண்மையை அறிவித்தார்கள். மண்டை மனிதனுடையது, தாடை ஒராங்குட்டான் குரங்கினுடையது.

ஆனால் எந்தச் சோதனைக்கும் முதலில் வேண்டியது ஒரு துண்டுக் கடதாசி. எந்த ஊர், எந்த வயல், எத்தனை அடி ஆழம், களியிலா மணலிலா பரலிலா, கூட வேறு என்ன கிடந்தது. இவை எழுதப்பட்ட பல்லுக்கும் எழுதப்படாத பல்லுக்கும் உள்ள வித்தியாசம், உறுதி உள்ள காணிக்கும் உறுதி தொலைந்த காணிக்கும் உள்ள வித்தியாசம் போன்றது. இடம்பெயர்ந்து பல ஆண்டு கழித்துத் திரும்பியவர்களுக்கு இது தெரியும். வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை, வடக்கு எல்லையில் நின்ற பனையும் இல்லை. காணி அங்கேயே கிடக்கிறது, ஆனால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. குழியில் வந்த பல்லும் அப்படித்தான். மாணிக்கக் குழியை வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும், மூடாமல் விட்டால் வயல் பாழ். மூடிய பின் அந்தப் படையை மறுபடி போய்ப் பார்க்க முடியாது. மிஞ்சுவது பல்லும் கடதாசியும் மட்டுமே.

பழைய சேகரிப்பின் பலவீனமும் இதுவே. ஊர்ப் பெயர் மட்டும் உள்ள துண்டுகளும் உண்டு. ஒன்றிரண்டு பற்களை வைத்துத் தனி வகை என்று பெயரிட்டவற்றை, இந்தியாவில் கிடைத்தவற்றோடு அருகருகே வைத்து மீண்டும் ஒப்பிட வேண்டியிருக்கிறது. தீவில் தனித்து மாறிய விலங்குகளா, அல்லது அக்கரையில் இருந்த அதே விலங்குகளா என்பது சில வகைகளில் இன்னும் தீரவில்லை. இதனால் தெரணியகலவின் உழைப்புக் குறைந்துவிடாது. அவர் அன்று குழி குழியாகப் போய்க் கேட்டு வாங்காதிருந்தால் இன்று விவாதிக்க ஒன்றும் இருந்திராது. எமது கவலை வேறு. கையால் வெட்டிக் கூடையில் கழுவிய காலத்தில் ஒவ்வொரு கல்லும் ஒருவரின் விரலைத் தொட்டுப் போனது. பெக்கோ இயந்திரம் ஒரு வாரலில் அள்ளுவதில் படைகளும் குழம்பும், எலும்பும் நொறுங்கும்.

எமது நிலத்தில் கிடைத்தால்

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டியவர்கள் கல்லுக்குள் சிப்பியையும் பவளத்தையும் கண்டிருப்பார்கள். அதுவும் உயிர்ச்சுவடுதான். குடாநாட்டின் சுண்ணக்கல் மயோசீன் காலத்தில், அதாவது 50 இலட்சம் ஆண்டுக்கும் 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆழமற்ற கடலடியில் படிந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய நாளில் அரைத்ததும் இந்தக் கல்லையே. இரத்தினபுரி எலும்புகளைவிட இது மிகமிகப் பழையது. கலட்டித் தரையில் அலவாங்கு போடுபவர் அந்தக் கடலடியைத்தான் உடைக்கிறார்.

கிணறு, குளம், வாய்க்கால் வெட்டும்போது எலும்போ பல்லோ வந்தால் முதலில் வேலையை நிறுத்துங்கள். மனித எலும்பாக இருக்கக்கூடும் என்ற சிறு ஐயம் இருந்தாலும் தொட வேண்டாம், இடம் மாற்ற வேண்டாம், பக்கத்து மண்ணைக் கிளறவும் வேண்டாம். துணித் துண்டு, பொத்தான், செருப்பு போன்றவை கூட இருந்தால் ஐயமே தேவையில்லை. கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் அறிவித்து, விடயம் நீதவானின் பார்வைக்குப் போவதை உறுதிசெய்யுங்கள். தனியே போகாமல் இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது. 2023 ஜூன் மாதம் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்காக வெட்டிய இடத்தில் மனித எலும்புகள் வந்ததை நாம் அறிவோம். காணாமற்போனவர்களைத் தேடும் குடும்பங்களுக்கு அந்த எலும்பு எப்படிக் கிடந்தது, எந்தப் பக்கம் தலை, கூட என்ன இருந்தது என்பவை எல்லாம் சாட்சி.

பழைய விலங்கினுடையது என்று தெளிவாகத் தெரிந்தால், எடுக்க முன்னர் கிடந்த நிலையிலேயே ஒரு படம் எடுங்கள். அளவு தெரிய ஒரு தீப்பெட்டியைப் பக்கத்தில் வையுங்கள். ஆழத்தை முழக் கயிற்றால் அளந்து, மேலிருந்து கீழாக எந்த மண் எத்தனை முழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கழுவவும் தேய்க்கவும் கூடாது. ஒட்டிய மண்ணோடு ஈரத் துணியில் சுற்றி, நிழலில், மெல்லக் காயும்படி வையுங்கள். பசை, வார்னிஷ் எதுவும் பூச வேண்டாம், பிறகு சோதனை செய்ய அது தடையாகிவிடும். பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டினால் பல்கலைக்கழகத்துக்கோ நூதனசாலைத் திணைக்களத்துக்கோ எழுத அவர் உதவுவார். குறிப்பை எலும்போடு ஒரே பெட்டியில் வைத்து, கறையான் அரிக்காத இடத்தில், இன்னொரு பிரதியை வேறோர் இடத்திலும் வையுங்கள்.